தேயிலைத்தூளும் ஈரக்காற்றும்



டீக்கடைக்காரர் ஒருவர் நம் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, போன தடவை கொடுத்த அதே தூள்தானா இது? சாயம் மண்ணு கலர்ல இருக்கு, குடிச்சா சப்புன்னு இருக்கு" என்று சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும், "அதே ஆலை, அதே மார்க்கு, நீங்க பாலை மாத்தியிருப்பீங்க" என்று சமாதானம் சொல்லி அனுப்பி விடுகிறோம். அவர் மறுமுறை குறை சொல்ல வரமாட்டார். பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

போடி, தேவாரம், கம்பம் வட்டாரத்தில் வணிகம் செய்யும் நமக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் தேயிலை இறங்குகிறது. மூணாறு, தேவிகுளம் பக்கத்துத் தூள் போடிமெட்டு வழியாக வருகிறது. மேகமலைத் தூள் சின்னமனூர் வழியாக வருகிறது. இது தவிர குன்னூர், கோயம்புத்தூர், கொச்சி ஏலங்களில் எடுத்த சரக்கும் உண்டு. ஒரே ஆலையில், ஒரே எஸ்.ஆர்.டி. என்று முத்திரை குத்திய தூளே ஒரு மாதம் கணீரென்றும் மறு மாதம் மங்கலாகவும் இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. கொழுந்து முற்றியிருக்கலாம், வாடல் சரியில்லாமல் போயிருக்கலாம். ஆனால் நம்மில் பலர் கேள்விப்படாத ஒரு காரணம் காற்று. ஆலையில் தேயிலை நொதிக்கும் நேரத்தில் அதற்குக் கொடுக்கும் காற்று எவ்வளவு குளிர்ச்சியாக, எவ்வளவு ஈரமாக இருந்தது என்பதைப் பொறுத்தே பாதித் தரம் அமைகிறது. அதே ஈரம் நம் குடோனுக்குள் வந்தால் அந்தத் தரமே கெடுகிறது. எந்தக் குறை ஆலையில் வந்தது, எது நம்மிடம் வந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாததால் நாம் நஷ்டமும் பட்டிருக்கிறோம், நல்ல ஏஜெண்டு ஒருவரிடம் வீணாகச் சண்டையும் போட்டிருக்கிறோம்.

மாவு புளிப்பதும் தேயிலை நொதிப்பதும்

இட்லி மாவு புளிப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களால் என்பதை நாம் அறிவோம். தேயிலைக்கும் நொதித்தல் என்றே பெயர் சொன்னாலும், அங்கே நுண்ணுயிருக்கு வேலை இல்லை. வாடவைத்த கொழுந்தை சி.டி.சி. எந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டும்போது இலைச்சாறு வெளியே வருகிறது. இலைக்குள்ளேயே இருக்கும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதிப்பொருள் அந்தச் சாற்றோடு கலந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு அதன் நிறத்தை மாற்றுகிறது. ஆப்பிளை நறுக்கி வைத்தால் பழுப்பாகிறதே, அதே வேலைதான். ஆரம்ப காலத்தில் ஆராய்ச்சியாளர்களிலேயே சிலர் இதையும் நுண்ணுயிரின் வேலை என்றுதான் எண்ணியிருந்தார்கள்.

இப்படி மாறும்போது இரண்டு பொருள்கள் உண்டாகின்றன. ஒன்று தியாபிளேவின். டீக்குப் பளிச்சென்ற பொன் சிவப்பும், நாக்கில் படும் கடுப்பும் தருவது இது. மற்றொன்று தியாரூபிஜின். அடர்ந்த நிறமும் கனமும் தருவது. முதலாவது முன்னால் உண்டாகி, நேரம் போகப் போகக் குறைந்து இரண்டாவதாக மாறும். ஆகவே சரியான நேரத்தில் நிறுத்தி டிரையருக்கு அனுப்ப வேண்டும். சி.டி.சி. தூளுக்கு இது பொதுவாக முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிகிற காரியம். சூடு ஏறினால் இந்த ஓட்டம் தறிகெட்டுப் போகும். தியாபிளேவின் நிற்காது. நிறம் கறுப்பாக இறங்கும், கடுப்பு இருக்காது.

ஆலைக்காரர் படும்பாடு இங்கேதான். நொதிக்கும் தேயிலை தானாகவே சூடாகும். கைவிட்டுப் பார்த்தால் வெதுவெதுப்புத் தெரியும். அதை 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் அளவில் பிடித்து வைக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. தரையில் பரப்புகிறவர்கள் இரண்டு, மூன்று அங்குல கனத்துக்கு மேல் குவிக்காததும் இதற்காகவே. கனமாகப் பரப்பும் தொட்டிகளில் அடியிலிருந்து மின்விசிறியால் காற்றை ஊதுகிறார்கள். காற்று ஊதினால் ஆக்சிஜனும் கிடைக்கும், சூடும் தணியும். ஆனால் சாதாரணக் காற்றை ஊதினால் தூளின் மேற்பரப்பு காய்ந்துவிடும். ஈரம் போன இடத்தில் நொதி வேலை செய்யாது. மேல் அடுக்கு காய்ந்து கறுத்துப்போக, நடுவில் கட்டியான இடம் சூடாகி வெந்ததுபோல் ஆகிவிடும். சூட்டைத் தணிக்க வந்த காற்றே சரக்கைக் காயவைத்துவிடும்.

இதற்கு வழி, தேயிலையிடமிருந்து காற்று தண்ணீரை எடுப்பதற்கு முன்னால், நாமே காற்றுக்குத் தண்ணீர் கொடுத்துவிடுவது. வயிறு நிறைந்தவன் பந்தியில் கை வைக்கமாட்டான் அல்லவா! ஒப்பு ஈரப்பதம் 95 சதவீதத்துக்கு மேல் இருக்கும்படி காற்றை நனைத்து அனுப்புகிறார்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலிருந்து சூட்டை எடுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்தால் வீடு குளிர்வதும் இப்படித்தான். 35 டிகிரி சூடும் 40 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றைத் தண்ணீர்த் துளிகளுக்கு நடுவே முழுக்க நனைத்து எடுத்தால் அது ஏறக்குறைய 24 டிகிரிக்கு இறங்கிவிடும். ஐஸ் எந்திரம் தேவையில்லை. ஆனால் 30 டிகிரி சூட்டில் ஏற்கெனவே 80 சதவீதம் ஈரமுள்ள காற்றை நனைத்தால் 27 டிகிரிக்குக் கீழே இறங்காது. அந்த மாதிரி இடங்களில் குளிர்ந்த தண்ணீரையோ குளிரூட்டும் எந்திரத்தையோ தேடித்தான் ஆக வேண்டும்.

"மலையில்தான் மூடுபனியாக இருக்கிறதே, அங்கே ஈரக்காற்றுக்கு என்ன பஞ்சம்?" என்று நாமும் ஒரு காலத்தில் கேட்டதுண்டு. இதற்குக் கணக்கு உண்டு. ஒரு கன மீட்டர் காற்று 15 டிகிரியில் சுமார் 13 கிராம் தண்ணீரைத்தான் ஆவியாகத் தாங்கும். 25 டிகிரியில் 23 கிராம், 30 டிகிரியில் 30 கிராம் தாங்கும். காலையில் 15 டிகிரியில் மூடுபனியோடு இருக்கும் காற்று ஆலைக்குள் நுழைந்து, டிரையர் சூட்டில் 25 டிகிரி ஆனால், 23 கிராம் தாங்கக்கூடிய இடத்தில் 13 கிராம்தான் இருக்கும். அதாவது பாதிக்குச் சற்று மேல். வெளியே நனைந்த காற்று உள்ளே காய்ந்த காற்றாகிவிடுகிறது. அதனால்தான் மலை மேலிருக்கும் ஆலையிலும் நொதிக்கும் அறையைத் தனியாக அடைத்து, தண்ணீரைப் புகைபோல் தெளிக்கும் ஈரமூட்டும் எந்திரம் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து பெரிய துளி சொட்டித் தூளின் மேல் விழக்கூடாது. தண்ணீரும் சுத்தமாக இருக்க வேண்டும். பாசி பிடித்த தொட்டித் தண்ணீரைத் தெளித்தாலும், தரையை நாள்தோறும் கழுவாமல் விட்டாலும், மேலே வேலை இல்லை என்று சொன்னோமே, அந்த நுண்ணுயிர்கள் வந்து சேர்ந்து தூளுக்குப் புளிப்பு வாடை கொடுத்துவிடும்.

தேயிலையைப் பற்றி இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்கு அசாமில் 1911இல் தொடங்கிய டோக்லாய் ஆராய்ச்சி நிலையமும், தென்னிந்தியத் தோட்ட அதிபர்களின் உபாசி அமைப்பு வால்பாறையில் நடத்தும் ஆராய்ச்சி நிலையமும் செய்த பணிகள் பெரிதும் காரணம்.

உண்மையாகவே நுண்ணுயிரை வைத்து நடக்கும் பெரிய தொட்டி நொதித்தலிலும் காற்றின் கதை இதேதான். பேக்கரிக்காரர்களுக்கு நாம் விற்கும் ஈஸ்ட், சர்க்கரைப்பாகு ஊற்றிய பெரிய தொட்டிகளில் வளர்க்கப்படுகிறது. அந்தத் தொட்டியின் அடியிலிருந்து இடைவிடாமல் காற்று கொடுக்க வேண்டும். தொட்டியின் ஆழத்தைத் தாண்டிக் காற்று மேலே வர வேண்டுமானால் அதை அழுத்தித்தான் அனுப்ப முடியும். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறதே, அதுபோல 30 டிகிரிக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால் அது 100 டிகிரியை நெருங்கிவிடும். அப்படியே விட்டால் ஈஸ்ட் செத்துப்போகும். ஆகவே குளிரவைத்து, கிருமி வடிகட்டியில் வடித்து, உள்ளே விடுகிறார்கள். காய்ந்த காற்றாக உள்ளே போனால், வெளியே வரும்போது தொட்டியின் தண்ணீரை ஆவியாக இழுத்துக்கொண்டு வரும். நாள் கணக்கில் நடக்கும் நொதித்தலில் தொட்டி மட்டம் குறைவது தெரியும்படி இந்த இழப்பு இருக்கும். இதைக் குறைக்க, தேவையான இடங்களில் காற்றை முன்கூட்டியே ஈரமாக்குவதும் உண்டு. ஆனால் வடிகட்டி நனைந்தால் கிருமி உள்ளே புகுந்துவிடும் என்பதால் துளிகளைப் பிரித்த பிறகே வடிகட்டிக்கு அனுப்ப வேண்டும். வினிகர் தொட்டியில் தண்ணீரோடு சேர்ந்து சாராயமும் அமிலமும்கூட ஆவியாகப் போகும் என்பதால் நஷ்டம் இன்னும் அதிகம்.

திரி காய்ந்த கதை

நாம் பட்ட அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு மார்ச் மாதத் தொடக்கத்தில், விலை சற்றுக் குறைவாக இருக்கிறதே என்று ஒரு மலை ஆலையின் தூள் 20 மூட்டை இறக்கினோம். நாலைந்து மூட்டை போவதற்குள் டீக்கடைக்காரர்கள் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். ஏஜெண்டிடம் கடுமையாகவே பேசினோம். அவரும் விடவில்லை. "அண்ணாச்சி, நீங்களே ஆலைக்கு வந்து பாருங்க, அப்புறம் பேசுவோம்" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஆலையின் டீ மேக்கர் வயதில் சிறியவர், மரியாதையாகப் பேசினார். நொதிக்கும் அறையின் சுவரில் இரண்டு வெப்பமானிகள் ஜோடியாகத் தொங்கின. ஒன்று உலர்குமிழ், மற்றொன்று திரி சுற்றித் தண்ணீரில் நனைந்திருக்க வேண்டிய ஈரக்குமிழ். காற்று காய்ந்திருந்தால் ஈரக்குமிழ் குறைவாகக் காட்டும். காற்று முழு ஈரமாக இருந்தால் இரண்டும் ஒன்றாகக் காட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்று, இரண்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அன்று இரண்டும் 27 டிகிரி காட்டின. "பாருங்கய்யா, ஈரம் நூத்துக்கு நூறு" என்றார் அவர்.

எங்களோடு வந்த ஏஜெண்டு அந்தக் காலத்தில் ஆலையில் வேலை பார்த்தவர். கிட்டே போய்த் திரியைத் தொட்டுப் பார்த்தார். கட்டையாகக் காய்ந்து, கறுத்துக் கிடந்தது. கீழே இருந்த சிறு குப்பியில் தண்ணீர் இல்லை. திரி காய்ந்துவிட்டால் ஈரக்குமிழும் உலர்குமிழ்தான். இரண்டும் ஒன்றாகத்தானே காட்டும்! புது வெள்ளைத் துணித் திரி போட்டு, நனைத்து, விசிறிவிட்டுப் பார்த்தபோது 20 டிகிரிக்கு இறங்கியது. ஏழு டிகிரி வித்தியாசம், அதாவது ஈரப்பதம் ஏறக்குறைய பாதிதான். தண்ணீர் தெளிக்கும் எந்திரத்தைப் பார்த்தால், பாதித் துளைகள் உப்புப் படிந்து அடைபட்டிருந்தன. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ, கருவி 'எல்லாம் சரி' என்று சொன்னதால் யாரும் கவலைப்படவில்லை. டீ மேக்கர் முகம் வாடிப்போனது எங்களுக்கே வருத்தமாக இருந்தது. மீதமிருந்த மூட்டைகளை ஆலை திரும்ப எடுத்துக்கொண்டது.

கடையிலேயே பார்க்கும் சோதனை

அன்றைக்குப் பிறகு எந்தச் சரக்கையும் பேர் பார்த்து இறக்குவதில்லை. பார்க்கும் முறை எளியது. 2 கிராம் தூளுக்கு 100 மில்லி என்ற கணக்கில் நன்கு கொதித்த தண்ணீர் ஊற்றி, மூடி, ஐந்து நிமிடம் வைத்து வடிகட்ட வேண்டும். தங்க எடைத் தராசு தேவையில்லை. எல்லாச் சாம்பிளுக்கும் ஒரே அளவு இருந்தால் போதும். பழைய நல்ல சரக்கின் தூளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது முக்கியம். தனியாகப் பார்த்தால் எல்லாத் தூளும் நல்ல தூள்தான்.

முதலில் வடிகட்டியில் நின்ற சக்கையை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்க்கவும். புதுச் செம்புக்காசு நிறத்தில், ஒரே சீராக இருந்தால் நொதித்தல் சரி. பச்சை ஓடினால் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள், டீயில் பச்சை வாடையும் தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பும் இருக்கும். கருஞ்சிவப்பாக மங்கியிருந்தால் நேரமோ சூடோ மிஞ்சியிருக்கிறது. பச்சையும் கறுப்புமாகக் கலந்து கிடந்தால் பரப்பியதில் பேதம், அல்லது நாம் கண்டதுபோல் காய்ந்த காற்று. அடுத்து இரண்டு கரண்டிப் பால் ஊற்றவும். நல்ல டீ பொன்னிறமாகப் பளிச்சிடும். கெட்டது சாம்பல் படர்ந்த பழுப்பாக நிற்கும். இன்னொரு கோப்பையில் பால் விடாமல் ஆறவைத்தால் நல்ல தூளின் டீ கலங்கிப்போகும். பலர் இதைக் குறை என்று நினைத்துக் கழித்துவிடுகிறார்கள். அது தியாபிளேவினும் காபீனும் சேர்ந்து படிவது. நயமான தூளின் அடையாளம்.

மங்கிய தூளுக்குச் சாயம் ஏற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள். தேயிலையில் சாயம் சேர்ப்பது உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிடிபட்டால் விற்ற கடைக்காரரும் பதில் சொல்ல வேண்டும். வடிகட்டும் தாளில் சிறிது தூளைத் தூவி, தண்ணீர் தெளித்து, சற்று நேரம் கழித்துத் தூளைக் கழுவிவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். கலப்படமில்லாத தூள் கறை விடாது, விட்டாலும் லேசாகத்தான் இருக்கும். அடர்ந்த கறை படிந்தால் அந்த மூட்டையை உள்ளே ஏற்ற வேண்டாம்.

நம் பக்கத்துத் தவறு

ஆலையில் ஜெயித்து வந்த தெம்பில் மறு வருடம் ஆடிச் சாரலில் அதே ஏஜெண்டை மறுபடியும் கூப்பிட்டு நிறுத்தினோம். தூள் நமுத்து, ஒருவித மட்கிய வாடை அடித்தது. அவர் ஒன்றும் பேசாமல் போய், அதே எண்ணுள்ள சரக்கில் ஆலை எடுத்து வைத்திருந்த சாம்பிள் டப்பாவைக் கொண்டுவந்து, எங்கள் மேசையிலேயே டீ போட்டார். கணீரென்று இருந்தது. எங்கள் மூட்டையிலிருந்து போட்டது சப்பென்று இருந்தது. குடோனுக்குள் போய்ப் பார்த்தார். மேற்குச் சுவர் ஓதம் ஏறியிருந்தது. மூட்டைகள் சுவரோடு ஒட்டி, வெறும் சிமெண்டுத் தரையில் கிடந்தன. இரண்டடி தள்ளி ஏலக்காய்ச் சாக்கும் சீயக்காய்த்தூளும் இருந்தன. "ஏலக்காய் டீ கேட்டா தனியாப் போட்டுத் தாரேன் அண்ணாச்சி" என்று அவர் சிரித்தபோது எங்களால் சிரிக்க முடியவில்லை. அந்தச் சரக்கின் நஷ்டம் முழுவதும் எங்களுடையது.

டிரையரிலிருந்து இறங்கும் தூளில் ஈரம் சுமார் 3 சதவீதம்தான். அவ்வளவு காய்ந்த பொருள் அக்கம்பக்கத்து ஈரத்தையும் வாடையையும் பஞ்சுபோல் இழுக்கும். 6, 7 சதவீதத்தைத் தாண்டினால் வாசனை போய்விடும், அதற்கும் மேலே போனால் பூசணம். 50 கிலோ மூட்டை 3 சதவீதத்திலிருந்து 7 சதவீதத்துக்குப் போனால் எடை 2 கிலோவுக்கு மேல் கூடும். இதை லாபம் என்று எண்ணுகிறவர்களை ஏலக்காயிலும் பார்த்திருக்கிறோம். காய் ஸ்டோரில் 10 முதல் 12 சதவீதத்துக்குக் காய்ந்து வரவேண்டியதை ஈரத்தோடு தள்ளிவிட்டால், வாங்கியவர் குடோனில் பச்சை நிறம் வெளுத்துப் போகிறது. எடை கூடுதலாக வரும் தேயிலை மூட்டையைச் சந்தோஷமாக இறக்காமல் சந்தேகத்தோடு பிரித்துப் பார்ப்பதே நல்லது.

பிரிப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. இரவில் மலையிலிருந்து குளிரோடு இறங்கிவரும் மூட்டையைக் காலையில் வந்தவுடன் அவிழ்த்தால், நம் ஊர்ச் சூட்டுக்காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த தூளின் மேல் படிந்துவிடும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பது போலத்தான். மத்தியானம் வரை மூட்டையை அப்படியே விட்டு, குடோன் சூட்டுக்கு வந்த பிறகு அவிழ்க்க வேண்டும்.

இப்போது எங்கள் குடோனில் தேயிலைக்கு மட்டும் கிழக்கு அறை. தரையில் மரச்சட்டம் போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குகிறோம். உள்ளே இருக்கும் பாலிதீன் உறையைக் கிழிக்காமல் அவிழ்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மறுபடி முறுக்கிக் கட்டுகிறோம். சாரல் நாளில் காற்றோட்டத்துக்கு என்று ஜன்னலைத் திறந்துவைப்பதில்லை, வெயில் ஏறிய பிறகே திறக்கிறோம். சில நூறு ரூபாய்க்கு இப்போது கிடைக்கும் சிறிய மின்னணு ஈரமானி ஒன்றையும் சுவரில் மாட்டியிருக்கிறோம். அதை அப்படியே நம்பிவிடாமல், மாதம் ஒருமுறை நனைந்த துணியில் சுற்றி வைத்து, அளவு 95க்கு மேல் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்கிறோம். ஒவ்வொரு சரக்கிலும் இறக்கிய அன்றே 100 கிராம் எடுத்து, இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு, தேதியும் சரக்கு எண்ணும் எழுதி ஒட்டி வைக்கிறோம். குறை வந்தால் முதலில் அந்தத் தூளில் டீ போட்டுப் பார்த்த பிறகுதான் ஏஜெண்டுக்குப் போன் போகிறது.